எறும்பு லாரியைத் தூக்காது

"எறும்பு மனிதன் அளவு வளர்ந்தால் லாரியையே தூக்கிவிடும்." பள்ளி ஆண்டு விழா, தன்னம்பிக்கைப் பேச்சு, வாட்ஸ்அப் காணொளி என்று எங்கே திரும்பினாலும் இதுதான். அறிவியல் ஆசிரியர்களே இதைச் சொல்லும்போது கோபம் வருகிறது. 1638-இல் கலிலியோ அச்சிட்டுக் கொடுத்த கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்கக் கூடாதா?

அரை சென்டிமீட்டர் எறும்பை எல்லாப் பக்கமும் 100 மடங்கு பெரிதாக்குங்கள். மனிதன்கூட இல்லை, ஒரு நாய் அளவுதான் வரும். தசையின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அது 10,000 மடங்கு கூடும். எடை 10 லட்சம் மடங்கு ஏறிவிடும். எடையோடு ஒப்பிட்டால் பலம் நூறில் ஒரு பங்காகிவிட்டது. முன்பு தன் எடையைப் போல் 20 மடங்கு சுமந்த எறும்பு, இப்போது தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தாங்கும். லாரி கிடக்கட்டும், அதனால் எழுந்து நிற்கவே முடியாது.

அப்படியானால் குதிரை எப்படி ஓடுகிறது? காலை நிமிர்த்தி ஊன்றுவதால். எலி மூட்டுகளை மடக்கிப் பதுங்கி ஓடும். அதன் எடைக்கு அது கட்டுப்படியாகும். நிமிர்ந்த காலில் பாரம் எலும்பின் நீளவாக்கில் இறங்குவதால் மூட்டைப் பிடித்து நிறுத்தும் வேலை தசைக்குக் குறைகிறது. சிறு பாலூட்டிகள் முதல் குதிரை வரை, வேகமாக ஓடும்போது எலும்பில் விழும் அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவு என்பதை ஆய்வாளர் ஆண்ட்ரூ பீவனர் 1989-இல் இப்படித்தான் விளக்கினார்.

மனிதன் அளவு தெள்ளுப்பூச்சி கோபுரத்தைத் தாண்டும் என்பதும் பொய். தாவும் உயரம் உடல் அளவோடு சேர்ந்து பெருகாது. நிமிர்ந்த காலில் நிற்கும் யானையைப் பற்றியும் கட்டுக்கதைகள் உண்டு. அதற்கு முழங்கால் மூட்டு இல்லை என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பினார்கள். மண்டியிடும் யானையைப் பார்த்த நமக்கு விளக்கம் வேண்டாம். யானை மெதுவாகத்தான் போகும் என்பதும் தவறு. தாய்லாந்து யானைகள் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை விரைந்ததை 2003-இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. அந்த வேகத்திலும் ஒரு காலாவது தரையில் இருந்தது.

3 டன் உடலைத் தாங்கும் அந்தப் பாதத்துக்குள் கொழுப்பும் நாரும் சேர்ந்த மெத்தை உண்டு. அது மண்ணில் நடப்பதற்கானது. கல்தளத்திலும் சிமெண்டிலும் நாள் முழுக்கச் சங்கிலியில் நிற்கும் கோயில் யானைக்குப் பாதம் வெடிக்கிறது, நகம் சீழ்பிடிக்கிறது. வளர்ப்பு யானைகளின் உயிரைக் குடிப்பதில் பாத நோய்க்குப் பெரிய பங்குண்டு. கோயில் நிர்வாகிகளே, உங்கள் யானைக்கு மண்தரை போடுங்கள், தினமும் நடக்க விடுங்கள்.