பெரிய உடையாரும் இன்றைய பாறுகளும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அயோத்தியில் தசரத சக்ரவர்த்தியின் திருமேனிக்கு அக்னி ஸம்ஸ்காரம் நடந்தபோது பெருமாள் அங்கு இல்லை. ஸ்ரீபரதாழ்வான் அதைச் செய்து முடித்தார். தந்தைக்குத் தம் கையால் செய்ய இயலாமற்போன அந்தக் கடனை, தந்தையின் தோழராய்க் காட்டில் வாழ்ந்த ஒரு பறவைக்குப் பெருமாள் செய்தருளினார். இளைய பெருமாளை விறகு கொணரச் செய்து, சிதை அடுக்கி, தாமே தீ மூட்டி, கோதாவரியில் இறங்கி நீர்க்கடனும் முடித்தார் என்று ஸ்ரீராமாயணத்தின் ஆரண்ய காண்டம் கூறுகிறது. சக்ரவர்த்தி பெற்றது ஸ்வர்க்கம்; பறவை பெற்றது மோக்ஷம். இந்த ஏற்றத்தை நோக்கியே நம் பூர்வாசார்யர்கள் ஜடாயு மஹாராஜரைப் "பெரிய உடையார்" என்று போற்றினர். எம்பெருமானுக்கு ஒரு கேடு வருமோ என்று அஞ்சிய நிலையில் தம் உடம்பை உபேக்ஷித்தவர்களுள் ஒருவராகப் பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் இவரை எடுத்துக்காட்டுகிறார்.

இந்தச் சரிதத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தப் பெரியவரின் குலம் இன்று எந்த நிலையில் உள்ளது என்பதை மட்டும் பெரும்பாலும் கேட்டதில்லை. அதைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரிய உடையார் எந்தப் பறவை?

வால்மீகி பகவான் ஜடாயுவை "க்ருத்ரம்" என்னும் சொல்லால் குறிப்பிடுகிறார். தமிழில் அதைக் கழுகு என்கிறோம். ஆனால் கழுகு என்னும் சொல் பேச்சு வழக்கில் இருவகைப் பறவைகளுக்குப் பொதுவாகிவிட்டது. உயிருள்ள இரையை வேட்டையாடி உண்பது ஒரு வகை. இறந்த விலங்கின் உடலை உண்டு வாழ்வது மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகைக்குத் தமிழில் எருவை, பாறு என்னும் பழம்பெயர்கள் உண்டு. இன்றைய பறவையியல் நூல்களும் பாறு என்றே வழங்குகின்றன. க்ருத்ரம் என்பது இந்தப் பாறுதான்.

பெரிய திருவடியான கருடாழ்வாருக்குத் தமையன் அருணன். அருணனின் புதல்வர்கள் ஸம்பாதியும் ஜடாயுவும். ஸம்ப்ரோக்ஷணத்தின்போது வானில் கருடன் வட்டமிடக் கண்டால் கைகூப்பித் தொழுகிறோம். அவருடைய தமையன் வழியில் வந்த குலத்தையோ, பிணம் தின்னும் பறவை என்றும் அமங்களம் என்றும் சொல்லி முகம் திருப்புகிறோம். பெருமாள் அப்படி எண்ணவில்லை. பிராட்டியைப் பிரிந்த துயரத்தினும் இப்பறவையின் மரணம் தம்மை அதிகம் வாட்டுகிறது என்று இளைய பெருமாளிடம் கூறினார்.

காஞ்சிபுரத்திற்கு அருகில் திருப்புட்குழியிலும், கும்பகோணத்திற்கு அருகில் திருப்புள்ளம்பூதங்குடியிலும் இந்த ஈமக்கடன் நடந்ததாக ஸ்தலபுராணங்கள் கூறுகின்றன. இரண்டும் திருமங்கையாழ்வாரால் மங்களாசாஸனம் செய்யப்பெற்ற திவ்யதேசங்கள். இரண்டின் திருநாமத்திலும் "புள்" என்னும் சொல் நிலைத்திருக்கிறது. எம்பெருமானார் இளமையில் யாதவப்ரகாசரிடம் பயின்ற ஊரும் திருப்புட்குழியே.

பாறு செய்யும் கைங்கர்யம்

கடற்கரையில் இருந்தபடியே நூறு யோஜனைக்கு அப்பால் இலங்கையில் பிராட்டி இருப்பதைக் கண்டு வானர முதலிகளுக்குச் சொன்னவர் ஸம்பாதி. பாறுகளின் பார்வைக் கூர்மை இன்றும் அறிஞர்களை வியக்க வைக்கிறது. சிறகை அசைக்காமல் வெப்பக் காற்றில் மிதந்து, மிக உயரத்திலிருந்து இவை தரையை நோக்குகின்றன. ஒரு பாறு இரையைக் கண்டு இறங்கினால், தொலைவில் மிதக்கும் மற்றொன்று அதைக் கண்டு தொடர்கிறது. அதைக் கண்டு வேறொன்று வருகிறது. இவ்வாறு ஒரு மாட்டின் உடலைச் சுற்றிப் பல பாறுகள் கூடி, ஒரு சில நாழிகைகளில் எலும்பை மட்டும் விட்டுச் செல்லும்.

பாறின் இரைப்பையில் சுரக்கும் அமிலம் மிகக் கடுமையானது. அடைப்பான் போன்ற கொடிய நோய்களின் கிருமிகளையும் அது பெரும்பாலும் அழித்துவிடுகிறது. அழுகும் உடலில் பெருகி, நீரிலும் நிலத்திலும் பரவ வேண்டிய நோய் அந்தப் பறவையின் வயிற்றோடு முடிகிறது. தலையிலும் கழுத்திலும் இறகு இல்லாமையை நாம் அவலக்ஷணம் என்கிறோம். இறந்த உடலுக்குள் தலையை நுழைத்து உண்ண வேண்டிய பறவைக்கு அங்கு அடர்ந்த இறகு இருந்தால் அழுக்கும் கிருமியும் படிந்து நிற்கும். வெயிலில் உடல் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ளவும் அந்த அமைப்பு உதவுகிறது. கைங்கர்யத்திற்கு ஏற்ற வடிவத்தை எம்பெருமான் அளித்திருக்கிறான் என்று கொள்வதே தகும்.

பதினைந்து ஆண்டுகளில் நிகழ்ந்த அழிவு

பாரத தேசத்தில் ஒன்பது வகைப் பாறுகள் உள்ளன. அவற்றுள் வெண்முதுகுப் பாறு, 1980களில் உலகிலேயே மிக அதிக எண்ணிக்கையில் இருந்த பெரிய ஊனுண்ணிப் பறவையாகக் கருதப்பட்டது. 1990களில் ராஜஸ்தானத்துப் பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் இவை கழுத்துத் தொங்கி, மரத்திலிருந்து விழுந்து இறப்பதை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் கண்டறிந்தார். 1992 முதல் 2007 வரையிலான காலத்தில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99.9 சதவீதம் வீழ்ந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று மிஞ்சியது. கருங்கழுத்துப் பாறு உள்ளிட்ட இரு இனங்கள் ஏறத்தாழ 97 சதவீதம் குறைந்தன.

காரணம் பல ஆண்டுகள் விளங்கவில்லை. 2004ஆம் ஆண்டு லிண்ட்ஸே ஓக்ஸ் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பாகிஸ்தானில் நடத்திய ஆய்வின் வழியே உண்மையை வெளிப்படுத்தினர். டைக்ளோஃபெனாக் என்னும் வலி நிவாரண மருந்தே காரணம். மனிதர்க்கு வழங்கப்பட்டு வந்த இம்மருந்து, மலிவானதால் கால்நடைகளுக்கும் பரவலாகக் கொடுக்கப்பட்டது. மருந்து கொடுத்த சில நாட்களுக்குள் மாடு இறந்தால், அதன் உடலில் மருந்து தங்கியிருக்கும். அதை உண்ட பாறின் சிறுநீரகம் செயலிழக்கும். வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் வெண்ணிறமாகப் படியும். சில நாட்களில் பறவை இறந்துவிடும்.

இங்கு ஒரு சங்கை எழலாம்: இறக்கும் மாடுகள் எல்லாவற்றிற்குமா இம்மருந்து கொடுக்கப்பட்டது? இல்லை. நூறு உடல்களில் ஒன்றுக்கும் குறைவானதில் நஞ்சு இருந்தாலே இவ்வளவு அழிவு நேரும் என்று கணக்கிட்டுள்ளனர். ஒரே உடலைப் பல பாறுகள் கூடி உண்பதும், ஒரு பாறு வாழ்நாளில் நூற்றுக்கணக்கான உடல்களை உண்பதும் இதற்குக் காரணம். மேலும் பாறு ஓராண்டில் இடுவது ஒரே முட்டை. குஞ்சு வளர்ந்து இனம் பெருக்கும் பருவம் எய்த ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆகும். விரைவில் இழந்ததை விரைவில் ஈடுசெய்ய அவற்றால் இயலாது.

பாறுகள் நீங்கியபின் மாட்டின் உடல்கள் வெளியில் அழுகின. தெருநாய்கள் பெருகின. நீர் மாசுற்றது. 2000 முதல் 2005 வரை இந்தியாவில் ஏறத்தாழ 5 இலட்சம் மனிதர்கள் இதன் விளைவாகக் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024இல் ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்னும் பொருளியல் அறிஞர்கள் கணித்தனர். பாறுகளிடம் உடலை ஒப்படைப்பதையே ஈமக்கடனாகக் கொண்ட மும்பைப் பார்ஸி ஸமூகத்தாரின் நெடுங்கால வழக்கமும் தடுமாறியது.

தெரியாமல் செய்ததும் தெரிந்து செய்வதும்

பெரிய உடையாரை வீழ்த்தியது இராவணனின் வாள். அவன் பகையால் வெட்டினான். நம் காலத்துப் பாறுகளை வீழ்த்தியது பகை இல்லை. பசுவின் வலியைத் தணிக்க வேண்டும் என்னும் தயையால் கொடுக்கப்பட்ட மருந்து அது. கொடுத்தவர் எவரும் பறவையை நினைக்கவில்லை. ஆயினும் இராவணன் ஒருவரை வீழ்த்தினான். இந்தத் தயை ஒரு குலத்தையே வீழ்த்தியது.

நம் ஆசார்யர்கள் பாபத்தை அபுத்திபூர்வம் என்றும் புத்திபூர்வம் என்றும் இரண்டாகப் பிரித்துப் பேசுவர். அறியாமல் நேர்ந்தது முன்னது. அறிந்தே செய்வது பின்னது. 2004க்கு முன் நடந்தது அபுத்திபூர்வம். அதன்பின் நடப்பதை அவ்வாறு சொல்லித் தப்ப இயலாது. 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் தயாரிப்பை இந்திய அரசு தடை செய்தது. பிறகு மனிதர்க்கான பெரிய மருந்துக் குப்பிகள் மாடுகளுக்குத் திருப்பப்பட்டன. அதைத் தடுக்க 2015இல் ஊசிமருந்தின் குப்பி 3 மில்லிலிட்டர் அளவுக்குள் குறுக்கப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகிய மருந்துகளைக் கால்நடைகளுக்குக் கொடுப்பது 2023இல் தடை செய்யப்பட்டது. அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் சென்றதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும். மெலோக்ஸிகாம், டோல்ஃபெனமிக் அமிலம் ஆகியவை பாறுகளுக்குத் தீங்கு செய்யாதவை என்று சோதித்து அறியப்பட்டுள்ளன. ஆகவே பசுவின் வலியைத் தணிப்பதா, பறவையைக் காப்பதா என்னும் தர்ம ஸங்கடம் இப்போது இல்லை. இரண்டையும் செய்ய வழி இருக்கிறது.

மிஞ்சியிருப்பவை

ஹரியாணாவில் பிஞ்ஜோர் என்னும் ஊரில் பாறுகளை வளர்த்துப் பெருக்கும் நிலையம் ஒன்று உள்ளது. அதற்கு ஜடாயுவின் திருநாமமே இடப்பட்டுள்ளது. அங்கிருந்து 2020இல் எட்டு வெண்முதுகுப் பாறுகள் காட்டில் விடப்பட்டன. கர்நாடகத்தில் ராமநகரத்தை அடுத்த ராமதேவர பெட்டம், பெருமாள் கோயில் கொண்ட குன்று. அதன் பாறைகளில் கருங்கழுத்துப் பாறுகள் கூடு கட்டியதால் 2012இல் அது பாறுகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தமிழகத்தில் முதுமலைக்கும் சத்தியமங்கலத்திற்கும் இடையிலான மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தென்னாட்டுப் பாறுகளின் முக்கியப் புகலிடம். ஆற்றங்கரை நீர்மத்தி மரங்களின் உச்சியில் அவை கூடு கட்டுகின்றன. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநில வனப்பகுதிகளிலும் 2023 டிசம்பரில் ஒரே நேரத்தில் நடந்த கணக்கெடுப்பில் காணப்பட்டவை 320. ஒரு திவ்யதேசத்தில் உத்ஸவ நாளன்று ஒரு வரிசையில் நிற்கும் அடியார்களின் தொகைகூட இதைவிட அதிகம்.

நாம் செய்யத்தக்கவை

"ரக்ஷிப்பவன் எம்பெருமானே, நாம் என்ன செய்ய இயலும்?" என்று சிலர் கேட்கலாம். ரக்ஷகத்வம் அவனுடையதே. அந்த ரக்ஷகன் பறவைக்காகத் தானே சிதைக்குத் தீ மூட்டினான் என்பதையும் உடன் நினைக்க வேண்டும். எம்பெருமானார் தர்சனத்தில் சேதநம், அசேதநம் அனைத்தும் அவனுக்குச் சரீரம்; ஆகவே அவனுடைய உடைமை. உடையவனின் பொருளைக் கெடாமல் வைத்திருப்பது அடியவனுக்கு ஸ்வரூபத்திற்குச் சேர்ந்த செயலேயாகும்.

நம்மில் பலர் கோசாலைகளை நடத்துகிறோம். வெளிநாட்டிலிருந்து பொருளுதவி செய்வோரும் பலர். கோசாலைகளில் முதிய பசுக்களும் நோயுற்ற பசுக்களுமே மிகுதி; வலி நிவாரண மருந்து அதிகம் தேவைப்படும் இடமும் அதுவே. உதவி செய்வோர் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கலாம்: இங்கு எந்த வலி மருந்து கொடுக்கப்படுகிறது? டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் என்று விடை வந்தால், கால்நடை மருத்துவரிடம் மெலோக்ஸிகாமை வேண்டலாம். தடை செய்யப்பட்ட மருந்து கொடுத்த மாடு இறக்க நேர்ந்தால், அதன் உடலைப் பறவையும் விலங்கும் எட்டாதபடி ஆழப் புதைக்க வேண்டும். காட்டோரம் வாழ்வோர், கால்நடையைக் கொன்ற விலங்கைப் பழிவாங்க இறந்த உடலில் நஞ்சு வைக்கும் வழக்கத்தைத் தடுக்க வேண்டும். புலிக்கு வைத்த நஞ்சைப் பாறுகளும் உண்டு மடிகின்றன.

திருப்புட்குழியை ஸேவிக்கச் செல்லும்போது ஜடாயு தீர்த்தத்தின் கரையில் சற்று நின்று வானத்தை நோக்கலாம். அங்கு இப்போது பாறு வட்டமிடுவதில்லை. மருந்து விலக்கப்பட்ட நேபாளத்தில் அவை மீண்டும் பெருகத் தொடங்கியமை பதிவாகியுள்ளது; ஆகவே இந்த இழப்பு மாற்ற முடியாத விதி ஆகாது. பிராட்டிக்குக் காவலாக நின்ற குலத்திற்கு நாம் காவலாக நிற்கும் பேறு இப்போது வாய்த்திருக்கிறது. அதை நழுவவிடாதிருக்கப் பெரிய உடையார் திருவடிகளையே பற்றுவோம்.

அடியேன் ராமாநுஜதாஸன்