தாழ்ச்சியும் தேவ வரப்பிரசாதமும்



ஞாயிறு பூசைக்குப் பின் சிறுவர்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டியிருந்தது. தகுந்தவர் என்று எனக்குத் தோன்றிய ஒருவரைக் கோயில் தாழ்வாரத்தில் நிறுத்திக் கேட்டேன். தறி ஓட்டுகிறவர், வேதாகமத்தை ஊன்றி வாசிக்கிறவர். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "எனக்கென்னங்க சாமி யோக்கியதை இருக்குது? நா குடிச்சுப்போட்டுக் கெடந்தத இந்த ஊரே பாத்திருக்குதுங்க" என்றார். குடியை விட்டு வருஷங்கள் ஆயிற்று. ஆனாலும் ஒப்பவில்லை. இது தாழ்ச்சிதானா?

தன்னை இழிவாகப் பேசுவதே தாழ்ச்சி என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. சர்வேசுரன் நம்மை எப்படிக் காண்கிறாரோ அப்படியே, கூட்டாமலும் குறைக்காமலும், நம்மை நாமே காண்பதுதான் தாழ்ச்சி. "நான் பாவி" என்பது பாதி உண்மை. "இந்தப் பாவியை ஆண்டவர் அழைக்கிறார்" என்பது மறுபாதி. முதற்பாதியோடு நின்றுவிடுகிறவன் தன் பாவத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆங்காரியோ தன் பெருமையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். இருவர் கண்ணும் தன் மேல்தான். யூதாசும் மனம் நொந்தான், இராயப்பரும் மனம் நொந்து அழுதார். இராயப்பர் திரும்பி வந்தார். மந்தையை மேய்க்கும் பொறுப்பு அவருக்கே கிடைத்தது.

இதற்கு நம் பக்கத்து மண்ணை மிதித்த ஒருவரையே உதாரணமாகச் சொல்லலாம். தத்துவபோதகர் என்று பெயர் பெற்ற இராபர்ட் தெ நொபிலி சுவாமி 1577-இல் இத்தாலியில் உயர்குடியில் பிறந்தவர். பாப்பரசர் மூன்றாம் ஜூலியசின் உறவுக் குடும்பம். சேசு சபையில் சேர்ந்து 1605-இல் இந்தியா வந்து, மறு வருஷம் மதுரையை அடைந்தார். காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, 'ஞானோபதேச காண்டம்' முதலிய நூல்களை எழுதினார். 1623-இல் மதுரையை விட்டுப் புறப்பட்டுத் திருச்சி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார். சேந்தமங்கலம் நமக்கு எவ்வளவு தூரம்! சேலத்தில் அவருக்கு முதலில் தங்க இடங்கூடச் சரியாகக் கிடைக்கவில்லை. ஆயினும் சேலத்திலும் மோரமங்கலத்திலும் விசுவாசிகளின் சிறு கூட்டம் உண்டாயிற்று.

இவ்வளவும் நாம் பெருமையோடு சொல்லுவோம். மற்றதையும் சொல்ல வேண்டும். மதுரையில் அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் சுவாமி, ஒரு பள்ளியும் மருத்துவசாலையும் வைத்து உழைத்துக்கொண்டிருந்தார். நொபிலி சுவாமி அவரை விட்டு விலகித் தனியே குடியிருந்தார். தான் பரங்கி அல்ல என்று பகிரங்கமாய் அறிவித்தார். கடற்கரையிலிருந்து வந்த பரவ கிறிஸ்தவர்களோடு கலவாதிருந்தார். மேற்குலத்தார் சுவிசேஷத்தைக் கேட்க வேண்டுமே என்பது அவர் நோக்கம். அந்த நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒரே நன்மை வாங்கும் மக்களுக்கு நடுவே ஒரு சுவர் எழும்ப அவர் இடங்கொடுத்தார். இதைக் குறை என்று சொல்லாமல் மழுப்புவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார், பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைப் புதுக் கிறிஸ்தவர் வைத்துக்கொள்ள உத்தரவு தந்தார். இதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே நிருபத்தில், குலப்பெருமை உள்ளவர்கள் எளியவரை இகழலாகாது என்று அவர் மன்றாடிக் கேட்டுக்கொண்டதைத்தான் வசதியாக மறந்துவிட்டோம். கோயிலுக்குள் தனி இடம், கல்லறையில் தனிப் பகுதி என்று அந்தச் சுவர் நூற்றாண்டுகளாய் நின்றது. இன்று நம் நெஞ்சில் அது எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதை அவரவர் ஆத்தும சோதனையில் அளந்து பாருங்கள்.

சர்வேசுரன் என்ன செய்தார்? நொபிலி சுவாமியைத் தள்ளிவிடவில்லை. அவர் செய்யாமல் விட்டதைச் செய்ய வேறொருவரை அனுப்பினார். 1640-இல் பல்தசார் தா கோஸ்தா சுவாமி பண்டார சாமியாராகி, ஒடுக்கப்பட்ட மக்கள் நடுவே சென்றார். அதே வருஷம் மதுரையில் நொபிலி சுவாமி சிறைப்பட்டார். பின்பு பார்வை மங்கி, ஏறக்குறையக் குருடராகி, 1656 ஜனவரி 16-ஆம் தேதி மயிலாப்பூரில் இறந்தார்.

நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் ஒரு பெரும் பிளவு உண்டாயிற்று. வேதகலாபனையில் தவறிய குருக்கள் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்றார்கள் தொனாத்துக் கட்சியார். அர்ச். அகுஸ்தீன் அதை மறுத்தார்: கொடுக்கிற கை யாருடையதானாலும் ஞானஸ்நானம் கொடுக்கிறவர் கிறிஸ்துவே. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைக் கண்ட நமக்கு இது எளிதில் விளங்கும். குழாய் துருப்பிடித்ததாயிருக்கலாம், தண்ணீர் குழாயில் ஊறுவதில்லை, பூமியின் ஆழத்திலிருந்து வருகிறது. இந்தச் சத்தியம் மட்டும் இல்லையென்றால் என் கையால் நீங்கள் நன்மை வாங்க முடியாது. (என் முன்கோபத்தை நீங்கள் அறிவீர்கள், கோயிற்பிள்ளை இன்னும் நன்றாய் அறிவார்.)

அப்படியானால் துரு இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிடலாமா? கூடாது. துரு தண்ணீரைக் கலங்கடிக்கும். குடிக்கிற பிள்ளைக்கு வயிறு வலிக்கும். வரப்பிரசாதம் நம் குறையை மறைக்கும் போர்வையன்று, அதை அறுக்கும் அரம். அதனால்தான் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குக் குருவும் போகிறார், உபதேசியாரும் போகிறார். சின்னப்பர் தம் பலவீனம் நீங்க மும்முறை வேண்டியும் அது நீங்கவில்லை. அதற்காக அவர் பிரசங்கத்தை நிறுத்திவிடவுமில்லை.

அந்தத் தறிக்காரரிடம் வெள்ளிக்கிழமை மறுபடியும் போனேன். தறியை நிறுத்திவிட்டு வந்து கேட்டார். நொபிலி சுவாமியின் கதையைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "பசங்க நா குடிச்சதப் பத்திக் கேட்டா என்னங்க சாமி சொல்றது?" என்றார்.

"உள்ளதைச் சொல்லுங்கள்" என்றேன்.

"பாக்கலாமுங்க" என்றார். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் ஞானோபதேச வகுப்பு உண்டு. பிள்ளைகளைத் தவறாமல் அனுப்புங்கள்.