ஒரகடத்திலிருந்து எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

‘ஸ்பார்டகஸ்’ படம் பற்றிய உன் விமர்சனத்தை நிதானமாகப் படித்தேன். நடை கைகூடி வருகிறது. ஆனால் அதில் பாதி உன் கருத்து இல்லை. நாயகன் குறையே இல்லாத உத்தமன், காதல் காட்சிகள் இழுவை, இயக்குநர் குப்ரிக்கே அந்தப் படத்தைத் தன் படமாகக் கொண்டாடியதில்லை என்பதெல்லாம் பலர் சொல்லிவிட்டது. பொய்யில்லைதான். தயாரிப்பும் நாயக வேடமும் கிர்க் டக்ளஸ் கையில் இருந்தன. முதலில் இயக்கிய ஆந்தனி மான் விலக்கப்பட்ட பிறகு நடுவில் வந்து சேர்ந்தவர் குப்ரிக். ஆனால் இதைச் சொல்ல ஒரகடத்திலிருந்து ஓர் ஆள் வேண்டுமா?

‘பயிற்சிக் காட்சிகள் நீளம்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டாயே, அங்கேதான் நீ நின்றிருக்க வேண்டும். கபுவாவின் கிளாடியேட்டர் பயிற்சிக்கூடத்தில் பயிற்சியாளன் மார்செலஸ், அடிமை ஸ்பார்டகஸின் உடம்பில் சாயம் பூசிப் பாடம் நடத்துகிறான். சிவப்பில் வெட்டினால் உடனே சாவு, நீலத்தில் முடம், மஞ்சளில் மெல்லச் சாவு. தொழிற்சாலையில் ரிஜெக்ட் ஆன பாகத்தைச் சிவப்புத் தொட்டியில் போட்டுப் பழகியவன் நீ. மனித உடம்பில் அதே மாதிரி நிறக்குறி ஏறும்போது உனக்கு என்ன தோன்றியது? அதை எழுது. திரைக்கதை எழுதிய டால்டன் ட்ரம்போ, கம்யூனிஸ்ட் என்று ஒதுக்கப்பட்டு, சொந்தப் பெயர் திரையில் வராமலே ஆண்டுக்கணக்கில் எழுதியவர். ஒரு மனிதனை எப்படிப் பொருளாக்குவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒன்றில் மட்டும் கவனமாக இரு. அடிமைத்தனத்தையும் ஷிப்ட் வேலையையும் ஒன்றாக்கிவிடாதே. 2024-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து கேட்டது, முதன்மையாக, சங்கத்துக்கு அங்கீகாரம். அப்படிக் கேட்கச் சட்டத்தில் ஓர் இடம் இருந்தது. கபுவாவில் அது கிடையாது. இந்த வித்தியாசம் மங்கினால் இரண்டு பக்கத்துக்கும் அநியாயம்.

‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தை ‘ரசிகர் படம்’ என்று தள்ளியிருப்பதும் எனக்கு ஒப்பவில்லை. 1965-இல் பி.ஆர். பந்துலு எடுத்த அந்தப் படமும் அடிமைகளின் கதைதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். எம்.ஜி.ஆரின் மணிமாறன் ஒரு வைத்தியர். அடிமைகள் நடுவே தலைவராகவே வந்து சேர்கிறார், விடுதலை அவர் வழியாக மற்றவர்களுக்குக் கிடைக்கிறது. ஸ்பார்டகஸ் எழுதப் படிக்கத் தெரியாதவன். அவனுக்கு வழி காட்டுபவன் ட்ராபா என்ற இன்னோர் அடிமை. இருவரையும் மோதவிட்ட சண்டையில் ஜெயித்தும் ஸ்பார்டகஸைக் கொல்ல மறுத்து, சூலத்தை மேலே மாடத்தில் உட்கார்ந்திருக்கும் ரோமானியர்களை நோக்கி எறிந்துவிட்டுச் சாகிறான். விடுதலை எங்கிருந்து பிறக்கிறது என்பதில் இந்த இரு படங்களும் வேறு வேறு கட்சி. நாயகன் உத்தமன் என்ற பழைய குறையை இந்த வழியாகப் போய்த் தொட்டால் அது உன் குறையாக மாறும். நான் ட்ராபாவின் பக்கம்; நீ மணிமாறன் பக்கம் நின்று வாதாடினாலும் சந்தோஷமாகப் படிப்பேன்.

அந்தச் சண்டைக்கு முன்னால், ட்ராபாவும் ஸ்பார்டகஸும் மரக்கொட்டிலுக்குள் எதிரெதிரே காத்திருப்பார்கள். வெளியே நடக்கும் முதல் சண்டை பலகை இடுக்கு வழியாகத்தான் தெரியும். அந்த இடத்தை மறுபடி பார்த்துவிட்டு, கட்டுரையை அங்கிருந்து தொடங்கி எழுதி அனுப்பு. இப்போது நைட் ஷிப்ட் என்றாய். ஷிப்ட் மாறிய பிறகு எழுதினால் போதும்.

அன்புடன்,
அண்ணன்