சித்திரையில் எந்த நிலமும் நல்ல நிலம்தான்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியில் குதிரை என்றால் விஜயராகவப் பெருமாள் கோயிலின் மரக்குதிரை வாகனம்தான் முதலில் பேச்சில் வரும். அங்கே நிஜக் குதிரைக்கு லாயமும் எங்களுக்கு வீடும் கட்ட இடம் பார்த்தபோது, முன்பு ஏரித் தண்ணீரைத் திறந்துவிடும் நீர்க்கட்டியாக இருந்த பெரியவர் சொன்னார்: “சித்திரையில எல்லா நிலமும் நல்லாத்தான் தெரியும் தம்பி. ஐப்பசி, கார்த்திகையில வந்து நில்லுங்க.”

அவர் பேச்சைக் கேட்டு ஒரு மழைக்காலம் காத்திருந்தேன். இது ஏரிகளின் சீமை. ஏரிகளைப் பார்த்துக்கொள்ளத் தனி வாரியம் இருந்ததைப் பராந்தக சோழன் கால உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்கிறது. ஓர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு ஓடும். அந்த வழி கோடையில் வெறும் மேய்ச்சல் தரைதான். புலப்படத்தையும் ‘அ’ பதிவேட்டையும் வாங்கி வாய்க்கால், ஓடைப் புறம்போக்கு எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். பெருமழைக்கு மறுநாள் அந்தப் படத்தோடு நிலம் முழுக்க நடங்கள். படத்தில் இல்லாத ஓட்டமும் காலில் படும். 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பக்கத்து நிலத்துக்காரரிடம் கேளுங்கள்.

தண்ணீர் சீக்கிரம் வடிகிற செம்மண் மேட்டை வீட்டுக்குத்தான் வைத்துக்கொள்ளத் தோன்றும். நான் லாயத்துக்குக் கொடுத்தேன். வீட்டுக்குப் பேஸ்மட்டத்தை உயர்த்திக்கொள்ளலாம். குதிரையோ நாள் முழுக்க மண்ணில் நிற்கிற பிராணி. ஈரத்திலேயே நின்றால் குளம்பின் அடி அழுகும்.

அடுத்தது காற்று. ஆடியில் தென்மேற்கிலிருந்தும் கார்த்திகையில் வடகிழக்கிலிருந்தும் அடிக்கும். அந்தக் கோட்டில் வீட்டையும் லாயத்தையும் வைத்தால் ஆண்டில் பாதி நாள் நாற்றமும் ஈயும் வீட்டுக்குள்தான். கோடை மாலையில் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். அதனால் வீட்டுக்கு வடமேற்கே லாயம் அமைத்தேன். வாயு மூலை என்று மேஸ்திரிக்கும் திருப்தி. ஒரு குதிரை நாளுக்கு 20 கிலோவுக்கு மேல் லத்தி போடும். எருக்குழியைக் கிணற்றுக்கு எட்டவே, மழைநீர் கிணற்றுப் பக்கம் வழியாத சரிவில் வெட்டுங்கள்.

குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி அறை போதும். ஆனால் கூரை உயரமாக இருக்க வேண்டும். கூரைக்குக் கீழே காற்று புகுந்து வெளியேற வழி விடுங்கள். மூத்திர நெடி உள்ளேயே தங்கினால் நுரையீரல் கெடும்.

கடைசியாக வேலி ஓரத்தைப் பாருங்கள். அரளி, ஆமணக்கு இருந்தால் குதிரை வருவதற்கு முன்பே வேரோடு எடுத்துவிடுங்கள். அரளி இலை காய்ந்தாலும் நஞ்சுதான்; வைக்கோலோடு சில இலைகள் கலந்தாலே குதிரை சாகும். நிழலுக்குப் புங்கனை முதல் மழையிலேயே நட்டுவிடலாம்.