கம்பம் காய்ந்தால் இலை சிறுக்கும்

வரவேற்பறையில் ஃபிலோடெண்ட்ரான் மெலனோகிரைசம் வளர்க்கிறேன். தேங்காய் நார்க் கம்பத்தில் கட்டியும் புது இலைகள் சிறுத்துக்கொண்டே போகின்றன. உரம் போதவில்லையா?
– ஒரு வாசகி, கோவை

உரத்தை விடுங்கள்; கம்பத்தைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்து கிடக்கும். இது கொலம்பியாவின் ஈரக் காட்டுக் கொடி. கணுக்களில் நீட்டிக்கொண்டிருக்கும் வேர்கள் ஈரமான பிடிமானத்தில் ஊன்றினால்தான் இலை பெருக்கும். நார்க் கம்பம் மின்விசிறிக் காற்றில் சீக்கிரம் உலர்ந்துவிடும். ஸ்ஃபேக்னம் பாசி அடைத்த வலைக் கம்பம் வையுங்கள். கணு பாசியில் அழுந்தும்படி கட்டுங்கள். தண்ணீரைக் கம்பத்தின் உச்சியிலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். இடம், கிழக்கு ஜன்னலோரம். ஏ.சி.க்கு நேரே மட்டும் வேண்டாம். சிறுத்த இலைகள் இனிப் பெருக்காது, அடுத்து வருபவைதான் பெருக்கும். அவை செம்பு நிறத்தில் விரிந்தால் மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள், அது இளந்தளிரின் நிறம்.