தடவினால் அடங்கும், விட்டால் எரியும்

கேள்வி: எட்டு மாதமாகக் கன்னத்தில் சிவந்த தடிப்பு, அரிப்பு. மருந்துக்கடையில் கொடுத்த களிம்பைத் தடவினால் இரண்டே நாளில் அடங்குகிறது. நிறுத்தினால் முன்னைவிட மோசம். என்ன செய்யலாம்? – ஒரு வாசகி, மைசூரு

பதில்: சகோதரி, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்தக் களிம்பின் மீதே எனக்குச் சந்தேகம். வீட்டிலிருக்கும் டியூபை எடுத்துப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. அது சிவப்பைத்தான் அடக்கும், காரணத்தை அல்ல. படர்தாமரையாக இருந்தால், மேலே அடங்கியதுபோல் காட்டிவிட்டுப் பூஞ்சை உள்ளுக்குள் பரவும். வட்ட விளிம்பு மறைந்து அடையாளமே மாறிவிடும். பூஞ்சையே இல்லாவிட்டாலும், மாதக்கணக்கில் தடவினால் முகத்தோல் மெலிந்து, நிறுத்தியதும் எரியும். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது இதனால்தான். இன்றும் கேட்டவுடன் கையில் கிடைக்கிறது என்பது கொடுமை.

உங்கள் ஊர் கே.ஆர். மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள், டியூபையும் கொண்டு போங்கள். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் சிறு சோதனையிலேயே பெரும்பாலும் பூஞ்சை தெரிந்துவிடும். டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கு அடங்காத பூஞ்சை இன்று இந்தியாவில் பரவியிருப்பதால் சிகிச்சை பல வாரம் நீளலாம். அரிப்பு நின்றதும் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். துண்டு, தலையணை உறை தனியாக இருக்கட்டும். வெயிலில் தடிப்பு கூடி, மூட்டுவலியும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். லூபஸ் என்ற நோயா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

மருத்துவர் பார்க்கும்வரை, புதிதாக எந்தக் களிம்பையும் முகத்தில் வைக்காதீர்கள், தாயே.