கதை நடக்கும் ஊர் எங்கே?

குழந்தைக்குத் தலைநகரங்களை மனப்பாடம் செய்துவைப்பதில் பெரிய பயனில்லை. கதையில் தொடங்குங்கள். மார்ஜரி பிரைஸ்மேனின் ஆங்கிலப் படப்புத்தகம் ஒன்றில் (1994), ஆப்பிள் பை செய்ய ஒரு சிறுமி கோதுமைக்கு இத்தாலி, முட்டைக்கு பிரான்ஸ், பட்டைக்கு இலங்கை, பாலுக்கு இங்கிலாந்து, கரும்புக்கு ஜமைக்கா என்று கிளம்பிவிடுவாள். படத்தைக் காட்டித் தமிழிலேயே கதை சொல்லலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் குழந்தையின் விரல் வரைபடத்தில் நகரட்டும். இலங்கை வந்ததும் சமையலறைப் பட்டையை முகரக் கொடுங்கள். அந்த ஊர் மறக்காது.

வரைபடத்தைக் குழந்தையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். சிறிய உலக உருண்டையும் இருந்தால் நல்லது: சுவர் வரைபடங்கள் பலவற்றில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும், உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது.

ஆப்பிரிக்கா என்றால் சிங்கம் மட்டும் என்று காட்டும் புத்தகத்தோடு நிறுத்தாதீர்கள். நைரோபியின் பேருந்தும் கட்டடங்களும் வரும் கதையையும் தேடுங்கள். கூரை, மரம், உடையைக் காட்டி, “அங்கே மழையா, வெயிலா?” என்று கேளுங்கள். தப்பான பதிலுக்கும் அவசரப்பட்டுத் திருத்தம் வேண்டாம்.

பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம்.